சீரோ நம்பர் தாள்

பிள்ளைகளே,

போன வாரம் ஊஞ்சல் பலகையைத் தேய்க்க உப்புத்தாள் வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினீர்கள். நான் வெறுங்கையோடு வந்து, கடை மூடியிருக்கிறது என்றேன். கடை திறந்துதான் இருந்தது. கடைக்காரர் மூன்று தாள்களை எடுத்துப் பரப்பி, "எது வேணும் பெரியவரே?" என்று கேட்கவும் செய்தார். எது வேண்டுமென்று எனக்குத் தெரியும். அதன் முதுகில் விரலை வைத்தேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

பெற்ற பிள்ளைகளிடம் இந்த வயதில் பொய் சொன்னது வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாளைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் இதுவல்ல. அந்த முதல் பொய்யைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மாவிடம்கூட இல்லை. எதிரே உட்கார்ந்து சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலம் அது. எனக்குப் பத்து வயது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. அதுதான் அப்பாவின் தச்சுப் பட்டறை. கதவு, தொட்டில் கட்டை, நுகத்தடி, பள்ளிக்கூடத்து பெஞ்சு என்று எது கேட்டாலும் செய்வார். கொட்டகைக்குள் நுழைந்தால் பூவரச மரத்தூள் வாசனையும் அப்பாவின் பீடி வாசனையும் கலந்து அடிக்கும். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் சீவலைக் காதில் மாட்டிக்கொண்டு திரிவேன்.

உப்புத்தாளில் உப்பு கிடையாது. உப்பைத் தூவி ஒட்டியதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். அந்தக் காலத்துத் தாளில் கண்ணாடித் தூள்தான் இருக்கும். முதுகில் நம்பர் அச்சடித்திருப்பார்கள். மூணு என்றால் முரடு, ஒன்னரை நடுத்தரம், சீரோ என்றால் பூனை நாக்கைவிட மெத்து. "பள்ளிக்கூடத்துல முட்டை வாங்கினா ஒதை. எங்க பள்ளிக்கூடத்துல முட்டைதான்டா ராஜா" என்பார் அப்பா. அவர் படித்தது அந்த ஒரு பள்ளிக்கூடம்தான்.

எதற்கு எந்தத் தாள் என்பதில் அவர் கறார். பெயிண்டு அடிக்கிற கதவுக்கு மூணு போட்டு, ஒன்னரையோடு நிறுத்திவிடுவார். ரொம்ப வழவழப்பாக்கினால் பெயிண்டு பிடிக்காமல் உரிந்துவிடுமாம். பெஞ்சுக்கு உட்காரும் பலகை மட்டும் நன்றாகத் தேய்ப்பார். அடிப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? நுகத்தடிக்குத் தாளே கிடையாது. "அதுக்கு எதுக்குடா தாளு? மாட்டுக் கழுத்தே தேச்சி வழவழன்னு ஆக்கிடும்" என்று சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் மனுஷர் தோல் படுகிற சாமானுக்கு, அது தொட்டிலோ கைப்பிடியோ, மூணு, ஒன்னரை, சீரோ என்று வரிசையாக இறங்கி வர வேண்டும். ஒரு படியைத் தாண்டினாலும் அவருக்கு ஆகாது.

வேலை முடிந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அந்தக் கை இருக்கிறதே, முப்பது வருஷம் உளி பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. அடுப்பிலிருந்து வெறும் கையால் நெருப்புக் கங்கை எடுத்துப் பீடி பற்றவைப்பார். அந்தக் கையை நாங்கள் எல்லாரும் நம்பினோம். அவரும் நம்பினார்.

எங்களோடு சித்தப்பா இருந்தார். அப்பாவுக்கு எட்டு வயது இளையவர், கல்யாணம் ஆகாதவர். கரும்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஆற்று மணலில் வண்டி குடை சாய்ந்து, சக்கரம் வலது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வண்டியில் இறக்கியபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இன்னா அண்ணி அழுவறீங்க? இனிமே ஒரு ஜோடி செருப்பு வாங்கனா ரெண்டு வருசம் வரும் எனக்கு" என்றார் சித்தப்பா. அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே தவழ்ந்தார். அண்ணன் சோற்றைத் தின்கிறோம் என்று கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார். அம்மா களியை இன்னோர் உருண்டை வைத்தால், "போதும் அண்ணி, ஒத்தக் காலுக்கு இது போதும்" என்பார். அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

தை பிறக்கப் போகிற சமயம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுப்பு முடிந்து எண்ணெய் மில்லுக்கு வண்டிகள் வரத் தொடங்கும் காலம். மில்லின் கணக்கப்பிள்ளை ஒரு நாற்காலி பழுது பார்க்கப் பட்டறைக்கு வந்தார். சித்தப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒத்தக் காலு எனக்கு ஒன்னும் பேஜாரு இல்லைய்யா" என்றார் கணக்கப்பிள்ளை. "கேட்டாண்ட ஒக்காந்து எத்தினி வண்டி வருதுன்னு எழுதற வேலைதான். ஆனா சங்கு ஊதறப்போ ஆளு அங்க இருக்கணும். எவனாவது தூக்கினு வந்து எறக்கி விட்டா செல்லாது. ஒரு மாசம் தானா நடந்து வரட்டும். அப்பறம் வேலை அவனுது."

மில்லு ஒரு மைலுக்கு மேலே இருக்கும். அன்று சாயங்காலமே அப்பா பூவரசங்கட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நான்கு நாளில் கக்கத்துக் கட்டை ஒன்றைச் செய்து முடித்தார். கக்கத்தில் வைத்துக்கொள்ள மேலே பிறை போல வளைந்த ஒரு குறுக்குக் கட்டை, நடுவில் கைப்பிடி. பூவரசு லேசு, ஆனால் பிளக்காது. பார்க்கவே அழகாக இருந்தது. தேய்க்கத்தான் தாள் இல்லை. யுத்தத்தில் சீமைத்தாள் வருவது நின்றுபோயிருந்தது.

அப்பா ரயிலேறி விழுப்புரம் போனார். ஜங்ஷன் பக்கத்தில் ஒவ்வொரு இரும்புக் கடையாக ஏறி இறங்கி, மத்தியான வெயிலில் திரும்பினார். மடியிலிருந்து தாள்களைக் கோயில் பிரசாதம் மாதிரி எடுத்தார். மூணு ஒன்று, ஒன்னரை ஒன்று, சீரோ ஒன்று.

"சீரோ நம்பர் விழுப்புரத்துக்கே இந்த ஒன்னுதான். கடைக்காரன் குடுக்க மாட்டேன்னான். தம்பி காலு கதையைச் சொல்லி வாங்கினு வந்தேன்" என்றார்.

அவருக்குப் பள்ளிக்கூடத்து பெஞ்சு வேலை தலைக்குமேல் இருந்தது. தேய்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது இப்படிச் சொன்னார். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது:

"மரத்தோட ஓட்டத்துலயே தேயி. குறுக்கத் தேச்சா கோடு விழும். அந்த வளைவுல வெறும் வெரலால தேய்க்காத, உருட்டுக் கட்டையில தாளைச் சுத்திக்க. ஒன்னரை முடிஞ்சதும் ஈரத்துணியால ஒரு தொடை தொடைச்சி வெயில்ல வை. மரம் சிலுத்துக்கும். அப்பறம்தான் சீரோ. அந்தச் சிலும்பலை சீரோ எடுத்துடும். இத விட்டின்னு வையி, இப்ப வழவழன்னுதான் இருக்கும். வேர்வை பட்டுதுன்னா முள்ளு முள்ளா எழுந்து நிக்கும். தெரியுதா?"

"தெரியுதுப்பா."

தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே முடியாது, பார்த்தீர்களா?

அது பம்பரக் காலம். என்னோடு படித்தவன் ஒருவன் புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த, கடைந்து அரக்குப் பூசிய பம்பரம் வைத்திருந்தான். சிவப்பும் பச்சையுமாக வரி ஓடும். சுழலவிட்டால் அசையாமல் தூங்கும். என்னுடையது மிச்சக் கட்டையில் நானே செதுக்கியது.

"இது பம்பரமா, உங்கம்மா கிண்டின கேப்பைக் களி உருண்டையா?" என்று அவன் கேட்டான். பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் முகர்ந்து பார்த்து, "தொட்டுக்க கொழம்பு எங்கடா?" என்றான்.

அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்போதுதான் சீரோ தாள் என் கைக்கு வந்தது. கட்டைக்கு மூணு போட்டேன். ஒன்னரை போட்டேன். மனதாரச் சொல்கிறேன், அதுவரை ஒழுங்காகத்தான் தேய்த்தேன், கை கொப்பளித்தது. தடவிப் பார்த்தால் வழவழவென்றுதான் இருந்தது. சீரோவை இதில் தேய்த்தால் பம்பரத்துக்கு மிஞ்சாதே என்று தோன்றியது. ஈரத்துணி போடவில்லை. ஈரம் பட்டால் மரம் சிலிர்க்கும், அப்புறம் சீரோ போட்டே ஆக வேண்டும். ஆகையால் ஈரத்தையே விட்டுவிட்டேன். தாளில் ஒரு மூலையைக் கிழித்துப் பம்பரத்தைத் தேய்த்தேன். மிச்சத்தை மடித்து, பூகோளப் புத்தகத்தின் அட்டை உறைக்குள் செருகிவிட்டேன்.

அப்பா வந்தார். கட்டையை எடுத்து உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். வளைவில் இரண்டு முறை தடவினார்.

"தண்ணி போட்டியா?"

"போட்டேன்ப்பா."

"சீரோ தாளு எங்க?"

"தேஞ்சே போச்சிப்பா. தூக்கிப் போட்டுட்டேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏம்மே, இங்க வந்து பாரு. சித்தப்பனுக்காவ ஒரு தாளு முழுசும் தேயத் தேயத் தேச்சிருக்கான் எம் புள்ளை." அம்மா ஓடி வந்து என் கொப்பளித்த கையைப் பிடித்து ஊதினாள். அன்று ராத்திரி எனக்கு வெல்லம் போட்ட கேப்பை அடை கிடைத்தது. சாப்பிட்டேன்.

மறுநாள் காலை சித்தப்பா கக்கத்தில் கட்டையும் மறு கையில் மூங்கில் தடியுமாகக் கிளம்பியபோது தெருவே வந்து நின்றது. "பாத்துக்கினே இருங்க, சங்கு ஊதறதுக்கு முன்ன நான் போய் ஊதச் சொல்றேன்" என்றார். சொன்னபடியே போய்ச் சேர்ந்தார். மார்கழிப் பனி விடாத நாட்கள். முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை.

நான்காம் நாளிலிருந்து வெயில் ஏறியது. வேர்வையும் ஏறியது. ஒரு சாயங்காலம் கட்டையின் வளைவில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். அப்பா பட்டறையிலிருந்தே பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது, கட்டைக்குத் தலப்பா கட்டி வெச்சிருக்க?"

"சும்மாண்ணே. மெத்துனு இருக்கட்டும்னு."

"துணி சுத்தி எடுத்துக்கினு போனா நான் செஞ்ச வேலை சொத்தைன்னு ஊருக்கெல்லாம் டமாரம் அடிக்கிற மாரிடா. புள்ளை கையி புண்ணாவத் தேச்சிருக்கான். வழவழன்னு இருக்குது. இந்தா, நீயே தடவிப் பாரு."

காய்ப்புக் காய்த்த கைக்கு அந்த முள் தெரியாது, வழவழப்பாகத்தான் இருக்கும். சித்தப்பா தடவிப் பார்த்தார். "நல்லாத்தாண்ணே இருக்குது" என்று துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்பா கெட்டவர் இல்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். செய்தவன் கண்முன்னால் அவன் சாமானுக்குத் துணி சுற்றுவது, சமைத்தவள் எதிரில் குழம்பில் உப்பள்ளிப் போடுவது மாதிரி. சித்தப்பாவுக்கும் அது தெரியும். அப்பா கண்ணில் படாத இடத்தில் சுற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் பலமுறை கேட்டுக்கொண்டேன். வழியெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். அண்ணன் காதுக்குப் போகும் என்று அவர் பயந்திருக்க வேண்டும்.

அதன்பின் அவர் நடை மாறியது. பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார ஆரம்பித்தார். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். "உங்க தம்பி மரத்தடியில நல்லா ஜாலியா ஒக்காந்துகினு கீறாரு." சங்கு ஊதிய பிறகு போய்ச் சேர்ந்தார், ஒருநாள், பிறகு இன்னொரு நாள். துவைக்கும்போது அம்மா சட்டையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்: "இன்னா தம்பி இது, ரத்தமாட்டம்?"

"மூட்டைப்பூச்சி அண்ணி. நசுக்கிட்டேன்."

அம்மா சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கக்கத்தில் எந்த மூட்டைப்பூச்சி என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் அவருக்குத் தண்ணீர் சேந்திக் கொடுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சட்டையைக் கழற்றினார். சோப்பு கைநழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் சுவரைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது நான் பார்த்துவிட்டேன். கக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. சிவப்பாக, ஈரமாக, நடுநடுவே சின்னச் சின்னச் சிலும்பல் கறுப்பாகக் குத்திக்கொண்டு இருந்தது. மஞ்சளை யாருக்கும் தெரியாமல் குழைத்துப் பூசியிருந்தார்.

"டேய், உங்கப்பா கையில சொல்லாத. மனசு ஒடிஞ்சிடுவாரு" என்றார்.

நான் மறுபடி வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

"நீ இன்னா பண்ணுவ? கையெல்லாம் கொப்பளிக்கத் தேச்ச. கட்டை மேல குத்தம் இல்லடா, எந் தோலு அப்பிடி. மெத்துத் தோலு. ராஜா வீட்ல பொறக்க வேண்டியவன் தப்பிப் பொறந்துட்டேன்." சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பூகோளப் புத்தகம் அங்கிருந்து பத்தடியில், சுவரில் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. போய் எடுத்திருக்கலாம். கட்டையைத் தேய்த்திருக்கலாம். ஆனால் தாள் ஏது என்ற கேள்வி வரும். தேஞ்சே போச்சி என்றவன் வாயை எங்கே வைத்துக்கொள்வது? ஒரு தாள் முழுவதும் தேய்த்த பிள்ளை என்று அப்பா பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். கேட்டில் வேறு ஆளை உட்கார வைத்தாகிவிட்டது என்று. அப்பா கையிலிருந்த உளியைத் தரையில் போட்டார்.

"விழுப்புரம் வரைக்கும் அலைஞ்சி தாளு வாங்கினு வந்தேன். கட்டை செஞ்சி குடுத்தேன். இந்தப் புள்ளை தேச்சிக் குடுத்தான். நீ மரத்தடியில ஒக்காந்து காத்து வாங்கினு இருந்தியா? காலு போனா போவட்டும்டா, வெக்கமும் போயிடுச்சா?"

சித்தப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா, "விடுங்க, அவர் ஒடம்பு எப்பிடியோ" என்று ஆரம்பித்தாள்; அப்பா முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள். நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால்கூட அப்பாவே கணக்கப்பிள்ளை காலில் விழுந்திருப்பார். நான் சொல்லவில்லை.

அதிலிருந்து நான்காம் நாள் சித்தப்பா திருவெண்ணெய்நல்லூருக்குக் கிளம்பினார். அங்கே அத்தை வீட்டில் கரும்புக்குக் காவல் இருக்கிறேன் என்றார். வேலியிலிருந்து இரண்டு மூங்கிலை வெட்டி, மேலே குறுக்கே கட்டி, பழைய வேட்டியைக் கனமாகச் சுற்றியிருந்தார்.

"அந்தக் கட்டை இங்கயே இருக்கட்டும் அண்ணி. நல்ல வேலைப்பாடு. யாருக்காவது ஒதவும்" என்றார். அப்பா பட்டறையை விட்டு வெளியே வரவில்லை.

கரிப் புகையில் ஓடும் பஸ் வந்தது. நான்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். படியில் ஏறுவதற்கு முன் என் தலையில் கை வைத்தார். "நல்லாத் தேச்சடா. தாளு தேயற வரைக்கும் தேச்சன்னு அண்ணன் சொன்னாரு. அந்த மாரியே படி." ஜல்தி ஏறுய்யா என்று கண்டக்டர் கத்தினான். பஸ் போய்விட்டது.

என் கல்யாணத்துக்கு வந்திருந்தார், அதே மாதிரி மூங்கிலோடு. நான் காலில் விழுந்தபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப்பின் அவரை நான் பார்க்கவில்லை. அப்பா கடைசிவரை அவரைச் சோம்பேறி என்றே நம்பினார். அந்தப் பம்பரம் என்ன ஆயிற்று என்றும் தெரியவில்லை. பம்பரம் தூங்குவது ஆணியாலும் எடை சரியாக இருப்பதாலும்தான், வழவழப்பால் அல்ல என்று பிறகு தொழிலுக்கு வந்தபோது தெரிந்துகொண்டேன்.

ஊஞ்சல் பலகைக்கு எந்தத் தாள் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். மூணு, ஒன்னரை, பிறகு ஈரத்துணி, வெயில், சீரோ. பேரப் பிள்ளைகள் தொடை படுகிற பலகை. ஒரு படியையும் விடாதீர்கள்.

அன்று சித்தப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். அம்மா மல்லாட்டை உடைக்கும் கூலி வேலைக்குப் போயிருந்தாள். கட்டை ஆணியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். நடு வளைவு மட்டும் கறுத்து, கண்ணாடிபோல் பளபளவென்று ஆகியிருந்தது. நுகத்தடியை மாட்டுக் கழுத்து தேய்க்கும் என்பாரே அப்பா, அந்தப் பளபளப்பு. இரண்டு ஓரங்களும் அப்படியே சொரசொரத்துக் கிடந்தன.

துணியை நனைத்து வளைவு முழுவதும் துடைத்து வெயிலில் வைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காய்ந்ததும் என் கையின் உட்பக்கத்தை அதில் வைத்து இழுத்தேன். பூனைக்குட்டி பிராண்டினதுபோல் இருந்தது. பூகோளப் புத்தகத்திலிருந்து தாளை எடுத்தேன். உருட்டுக் கட்டையில் சுற்றி, மரத்தின் ஓட்டத்திலேயே தேய்த்தேன். மறுபடி ஈரம், மறுபடி வெயில், மறுபடி சீரோ. கடைசியில் சட்டையைக் கழற்றிவிட்டு என் கக்கத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். கட்டை உயரம், அதைச் சாய்த்துப் பிடித்து நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. எங்கேயும் குத்தவில்லை.

தேய்த்த நேரம் மட்டும் பார்த்தால் அரை மணிகூட ஆகியிருக்காது. தாளில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. கட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு, மிச்சத் தாளையும் அடுப்பில் போட்டேன். அது சரியாக எரியவில்லை. சாம்பலைக் கிளறியபோது கண்ணாடித் தூள் விரலில் குத்தியது.